புரோகிராமும் விளக்கமும் ஒரே பைலில்: ஒரு வரைவுக் கட்டுரைக்குக் கருத்து சொன்ன விதம்

கம்ப்யூட்டர் வாங்கிய சில மாதங்களில் உங்களுக்கும் இப்படி ஒரு இமெயில் வரும். "ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன், படித்துப் பார்த்துக் கருத்து சொல்லுங்கள்" என்று நண்பரோ உறவினரோ ஒரு பைலை இணைத்து அனுப்புவார். அது புராஜெக்ட் ரிப்போர்ட்டாக இருக்கலாம். வேலைக்கான விண்ணப்பமாகவும் இருக்கலாம். "நன்றாக இருக்கிறது" என்று ஒரு வரியில் பதில் போட்டால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை. அப்படியானால் பயனுள்ள கருத்தை எப்படிச் சொல்வது? அண்மையில் எனக்கு வந்த ஒரு கட்டுரையை வைத்தே பார்க்கலாம்.

கல்லூரியில் எனக்கு ஜூனியராக இருந்த நண்பர் ஒருவர், லிட்டரேட் புரோகிராமிங் என்னும் முறைக்காக ஒரு சிறிய சாப்ட்வேர் எழுதியிருந்தார். அதைப் பற்றிய 8 பக்கக் கட்டுரையின் வரைவை எனக்கு அனுப்பினார். ஒரு கருத்தரங்குக்கு அதை அனுப்ப 10 நாட்களே இருந்தன.

லிட்டரேட் புரோகிராமிங் என்றால் என்ன?

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் கனூத், 1984-ல் ஒரு கட்டுரை மூலம் இந்தப் பெயரை அறிமுகப்படுத்தினார். புரோகிராம் என்பது கம்ப்யூட்டருக்குத் தரும் கட்டளைப் பட்டியல் மட்டுமல்ல. மனிதர்கள் படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய எழுத்தும் கூட என்பதுதான் அவர் கருத்து.

இதற்காக அவர் உருவாக்கிய சாப்ட்வேரின் பெயர் வெப். (இன்டர்நெட்டில் நாம் பார்க்கும் வெப் அல்ல, அது பிறகு வந்தது.) இதில் விளக்கத்தையும் பாஸ்கல் மொழிக் கட்டளைகளையும் ஒரே பைலில் எழுதலாம். டேங்கிள் என்ற புரோகிராம் அந்தப் பைலிலிருந்து கம்ப்யூட்டருக்கான பகுதியைப் பிரித்துத் தரும். வீவ் என்ற புரோகிராம் அதே பைலிலிருந்து மனிதர்கள் படிப்பதற்கான புத்தக வடிவைத் தயாரித்துத் தரும். கணித நூல்களை அச்சுக்கோர்க்க இன்றும் பயன்படும் டெக் என்ற சாப்ட்வேரை கனூத் இந்த முறையில்தான் எழுதினார். அதன் முழுப் புரோகிராமும் விளக்கத்துடன் 1986-ல் புத்தகமாகவே வெளிவந்தது.

முதல் கருத்து: பொருள் சரியா?

நண்பரின் கட்டுரை, "நிறைய குறிப்புகளுடன் எழுதிய எந்தப் புரோகிராமும் லிட்டரேட் புரோகிராமிங்தான்" என்று தொடங்கியது. இது சரியல்ல. சாதாரணப் புரோகிராமில், கம்பைலர் எதிர்பார்க்கும் வரிசையில்தான் நாம் எழுத வேண்டும். குறிப்புகள் இடையிடையே வரும். கனூத்தின் முறையில், படிப்பவருக்கு எந்த வரிசையில் சொன்னால் புரியுமோ அந்த வரிசையில் எழுதலாம். சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துவிட்டால் போதும். கம்பைலருக்கு வேண்டிய வரிசையில் அடுக்குவதை டேங்கிள் பார்த்துக்கொள்ளும்.

நண்பரின் சாப்ட்வேரும் இதைச் செய்தது. ஆனால் கட்டுரையில் அது எங்குமே சொல்லப்படவில்லை. "உங்கள் சாப்ட்வேரின் சிறப்பே இதுதான், முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள்" என்று எழுதினேன். நோவெப், சி-வெப் போன்ற பழைய சாப்ட்வேர்களிலிருந்தும், இன்று பலரும் பயன்படுத்தும் ஜுபிட்டர் நோட்புக்கிலிருந்தும் இது எப்படி மாறுபடுகிறது என்று ஒரு பத்தி சேர்க்கச் சொன்னேன்.

இரண்டாவது கருத்து: சொன்னபடி நடக்கிறதா?

சாப்ட்வேரைப் பற்றிய கட்டுரையைப் படித்தால் மட்டும் போதாது. இயக்கிப் பார்க்க வேண்டும். கட்டுரையில் இருந்த வழிமுறைகளை என் கம்ப்யூட்டரில் அப்படியே செய்தேன். மூன்றாவது படியில் எரர் வந்தது. ஒரு போல்டரை முன்கூட்டியே உருவாக்கி வைக்க வேண்டும் என்பது கட்டுரையில் இல்லை. அவர் கம்ப்யூட்டரில் அந்தப் போல்டர் ஏற்கனவே இருந்ததால் அவருக்கு இது தெரியவில்லை. எழுதியவரின் கண்ணில் படாததைச் சொல்லத்தான் இரண்டாவது ஆள் தேவை.

மூன்றாவது கருத்து: பெரிய வாக்கியம்

கட்டுரையின் முக்கிய வாக்கியம் இது: "இந்த சாப்ட்வேரைப் பயன்படுத்தினால் விளக்கமும் புரோகிராமும் ஒருபோதும் முரண்படாது." அவர் தந்த மாதிரி, ஒரு நூலகத்தின் அபராதத்தைக் கணக்கிடும் புரோகிராம். 14 நாட்களுக்குப் பின் அபராதம் என்று விளக்கத்திலும் இருந்தது, கட்டளையிலும் இருந்தது. கட்டளையில் மட்டும் 14 என்பதை 21 என்று மாற்றி இயக்கினேன். எந்த எச்சரிக்கையும் வரவில்லை. புரோகிராம் 21 நாள் என்று கணக்கிட்டது. அச்சான விளக்கம் 14 நாள் என்றே சொன்னது.

இதை எழுத்தில் மட்டும் அனுப்பினால் மனம் சங்கடப்படும் என்று போன் செய்து சொன்னேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அண்ணா, அந்த வரியை எடுத்துட்டா பேப்பர்ல என்ன இருக்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பல மாத உழைப்பு அவருடையது.

"விளக்கம் பக்கத்திலேயே இருப்பதால் திருத்துவது எளிது. அது உண்மை. ஒருபோதும் முரண்படாது என்பதை நிரூபிக்க முடியாது. நான் 5 நிமிடத்தில் செய்ததைக் கருத்தரங்கில் படிப்பவரும் செய்வார்" என்றேன்.

நான்கு நாள் கழித்துப் புதிய வரைவு வந்தது. அந்த வாக்கியம் இல்லை. அதற்குப் பதிலாக சாப்ட்வேரில் ஒரு வசதியைச் சேர்த்திருந்தார். 14 என்ற எண்ணை ஒரே இடத்தில் எழுதிவிட்டால், விளக்கமும் கட்டளையும் அங்கிருந்தே அதை எடுத்துக்கொள்ளும். எண்களைப் பொறுத்தவரை முரண்பாடு வராது, வாக்கியங்களுக்கு இந்த உறுதி கிடையாது என்று தெளிவாகவே எழுதியிருந்தார். கருத்தரங்கின் முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் யார் கேட்டாலும் இப்போது அவரால் பதில் சொல்ல முடியும்.

பெரியவர்களும் இப்படித்தான்

1986-ல் ஜான் பென்ட்லி, ஏ.சி.எம். அமைப்பின் மாத இதழில் தாம் எழுதிவந்த பகுதிக்காக, கனூத்திடம் ஒரு லிட்டரேட் புரோகிராம் எழுதிக் கேட்டார். ஒரு பைலில் அதிகம் வரும் சொற்களை எண்ணிக்கையுடன் பட்டியலிட வேண்டும். கனூத் பல பக்கங்களில் எழுதித் தந்தார். அதை விமர்சித்தவர் யூனிக்ஸில் பைப் வசதிக்கு வழிகாட்டிய டக் மெக்கில்ராய். எழுதிய விதத்தைப் பாராட்டிவிட்டு, அதே வேலையை யூனிக்ஸின் தயார் கட்டளைகள் ஆறைக் கோர்த்தே முடித்துக் காட்டினார். பாராட்டு வேறு, ஆட்சேபம் வேறு. இரண்டையும் அவர் கலக்கவில்லை. கனூத்தும் தம் நூல்களில் முதலில் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2.56 டாலர் பரிசு தருவதை வழக்கமாக வைத்திருந்தவர். இந்தத் துறையில் பிழை சொல்பவர் எதிரி அல்ல.

நீங்கள் செய்ய வேண்டியது

வேர்டில் வந்த பைல் என்றால் ரிவ்யூ டேபில் கிளிக் செய்து, ட்ராக் சேஞ்சஸ் வசதியை இயக்கிக்கொள்ளுங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், ஈ ஆகிய கீகளைச் சேர்த்து அழுத்தினாலும் போதும். இனி நீங்கள் செய்யும் திருத்தங்கள் தனி நிறத்தில் தெரியும். ஏற்பதும் விடுவதும் அவர் விருப்பம். கருத்து மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில், அந்தச் சொற்களைத் தேர்ந்தெடுத்து நியூ காமெண்ட்டில் கிளிக் செய்து எழுதுங்கள். லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் இன்சர்ட் மெனுவில் காமெண்ட் கிடைக்கும்.

எழுதும்போது மூன்றை நினைவில் வையுங்கள். எந்த இடத்தில் உங்களுக்குப் புரியாமல் நின்றது என்று குறியுங்கள். சொன்னதைச் செய்து பார்க்க முடியுமானால் செய்து பாருங்கள். முக்கியக் குறையை முதலில் சொல்லுங்கள், எழுத்துப் பிழைகளைக் கடைசியில் வையுங்கள். முழுப் பத்தியே நீக்கப்படலாம் என்ற நிலையில் அதிலுள்ள ஒற்றுப்பிழையைத் திருத்தி என்ன பயன்? அடுத்த முறை யாராவது கட்டுரை அனுப்பினால் இதை முயன்று பாருங்கள். ஒரு மணி நேரம் கூடுதலாகச் செலவாகும். அவருக்கோ பல நாள் அலைச்சல் மிச்சமாகும்.