ஒதுக்கிய சொத்தை மணிலா எங்கே போகிறது?

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. தீனியில் சேர்த்த பிரேசில் மணிலாப் பிண்ணாக்கே காரணம். அதில் பூத்த பூஞ்சாணத்தின் நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர். செல்களில் ஆக்சிஜனேற்றச் சிதைவை உண்டாக்கி ஈரலைக் கெடுக்கும், நாள்பட்டால் புற்றுநோய். வறுத்தாலும் முழுதாகப் போகாது.

அதே பூஞ்சாணம் நம் காஞ்சி குடோன்களிலும் வளரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை ஓதம் ஏறுகிறதல்லவா? மூட்டைகளைக் கட்டை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். பருப்பின் ஈரம் 8 சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

பொறுக்கி ஒதுக்கிய சொத்தையைச் செக்குக்குத் தள்ளிவிடும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. (கிடைத்த விலை லாபம்தானே!) எண்ணெய் பிழிந்தபின் நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கும். அதைத் தின்ற பசுவின் பாலில் வேறு வடிவில் இறங்கும். பாலைக் காய்ச்சினாலும் அது அகலாது.