பங்கில்லாத பங்காளி

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளுக்கு இரண்டு வாசல். முகப்பு ஒரு தெருவில் இருக்கும். பின்கட்டு அடுத்த தெருவில் போய் முடியும். செல்போன் வரைபடத்துக்கு இந்த விவகாரம் பிடிபடுவதில்லை. சில நேரம் பின்வாசலில் புள்ளி வைத்துவிடுகிறது. சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வருகிறவர் பூட்டிக் கிடக்கும் கதவு முன் நின்று போன் போட்டு, தெருவைச் சுற்றிக்கொண்டு முகப்புக்கு வர வேண்டும். இப்படிப் போன நிமிடங்களைப் பிடிக்க வேகமாகத் திரும்பி, மழைத் தண்ணீர் நின்ற முக்கில் விழுந்த ஓர் இளைஞரைச் செக்காலை ரோட்டு டீக்கடையில் சந்தித்தேன். முழங்கையில் கட்டு. "விழுந்தது நானு. அவுக கேட்டது பார்சல் என்னாச்சுன்னு, அண்ணே" என்றார்.

இதை ஒரு மனக்குறையாக மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிட முடியாது. பொட்டலத்துக்கு ஒரு பொறுப்பாளி இருக்கிறார், அதைச் சுமக்கும் உடலுக்கு இல்லை என்பது இதன் உள்ளடக்கம். இந்த ஏற்பாடு ஒரு சொல்லில் தொடங்குகிறது.

செயலி நிறுவனங்கள் இவர்களைத் தொழிலாளி என்பதில்லை. 'டெலிவரி பார்ட்னர்' என்கின்றன. பார்ட்னர் என்றால் பங்குள்ளவர், நம்மூர்ப் பேச்சில் பங்காளி. செட்டிநாட்டில் அது லேசான சொல் அல்ல. பொது வீட்டில் பங்காளிக்கு ஓர் அறை உண்டு. கூரை ஒழுகினால் செலவிலும் பங்குண்டு. அவர் கையெழுத்துப் போடாமல் வீட்டை முழுசாக விற்கவும் முடியாது. செயலியின் பங்காளிக்கு வண்டி சொந்தம், பெட்ரோல் சொந்தம், எலும்பு முறிவும் சொந்தம். லாபத்தில் பங்கில்லை. ஒரு நாள் காலையில் அவருடைய ஐடி-யை அணைத்துவிட்டால் கதை முடிந்தது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வட்டிக்கடைக்குப் போன மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எல்லோருக்கும் முதலாளி இன்னார் என்று தெரியும். சம்பளச் சீட்டும் உண்டு. அந்த உறவு நியாயமானது என்று சொல்ல வரவில்லை. போய் நிற்க ஒரு வாசல் இருந்தது, அவ்வளவுதான்.

சொல்லின் வேலையைச் சட்டத்தில் பார்க்கலாம். 1923-ன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அடிப்படை எளிமையானது. வேலையின் காரணமாக, வேலையின்போது விபத்து நேர்ந்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டும். அவர் தப்பு என்று நிரூபிக்கத் தேவையில்லை. அது இப்போது 2020-ன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் கரைந்திருக்கிறது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த இத்தொகுப்பு செயலித் தொழிலாளர்களைப் பெயர் சொல்லி அழைக்கிறது. எப்படி அழைக்கிறது? வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே உள்ளவர்கள் என்று. அழைத்த கையோடு வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் நிதிக்குத் தர வேண்டும். விபத்துக் காப்பீடு போன்ற திட்டங்கள் அதிலிருந்து வரலாம். கூடவே அமலான தொழில் பாதுகாப்புத் தொகுப்பு, வேலையிடத்தை அபாயமில்லாமல் வைப்பது முதலாளியின் கடமை என்கிறது. அதில் செயலித் தொழிலாளிக்கு இடமில்லை.

ஆக, உதவி உண்டு, கடமை இல்லை. தமிழ்நாட்டில் 2023-ல் இவர்களுக்குத் தனி நலவாரியம் அமைந்தது. 2025-ல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரிலும் தி.நகரிலும் குளிர்சாதன ஓய்வறை திறந்தது. இவை வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் காப்பீடு உடல் உடைந்த பிறகு வருவது. அதுவும் சுலபமாக வராது: சொந்த உபயோகத்துக்கென்று காப்பீடு செய்த வண்டியில் கூலிக்குச் சரக்கு எடுத்தாய் என்று சொல்லி வண்டிச் சேதத்துக்குக் கம்பெனி கையை விரிக்க இடமிருக்கிறது. பாதுகாப்பு என்பது உடையாமல் இருக்க என்ன செய்தோம் என்ற கேள்வி.

உடைப்பது எது? வேகம். வேகத்தை உண்டாக்குவது கூலியின் வடிவம். ஆர்டருக்கு இவ்வளவு என்பது பழைய பீஸ் ரேட்தான். பீஸ் ரேட் வந்துவிட்டால் மேற்பார்வை பெருமளவு தேவையற்றுப் போகிறது, தன்னைத் தானே விரட்டிக்கொள்வது தொழிலாளியின் சொந்த நலனாகிவிடுகிறது என்று 'மூலதனம்' முதல் தொகுதியில் (1867) மார்க்ஸ் விளக்கியிருக்கிறார். செயலியில் கங்காணியும் போகவில்லை. பீஸ் ரேட்டும் உண்டு, நொடிக்கு நொடி இருக்குமிடம் காட்டும் ஜிபிஎஸ்ஸும் உண்டு, வாடிக்கையாளர் போடும் நட்சத்திரமும் உண்டு. இவ்வளவு பார்க்கிற கண், விபத்து நடந்ததும் 'நாங்கள் வெறும் இடைத்தரகர்' என்று மூடிக்கொள்கிறது. 2021 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஊபர் வழக்கில் இந்த வாதத்தை ஏற்கவில்லை. கட்டணத்தையும் நிபந்தனையையும் நிறுவனமே நிர்ணயிக்கிறது, மதிப்பெண் வழியாகக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே ஓட்டுநர்கள் தொழிலாளர்களே என்றது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்த சொல்லை விட்டுவிட்டு, நடந்த உறவைப் பார்த்தது.

இங்கே 2025 டிசம்பர் கடைசியில் பல நகரங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. 2026 ஜனவரியில் மத்திய தொழிலாளர் துறை தலையிட, பிளிங்கிட் தன் '10 நிமிட' விளம்பர வாசகத்தைக் கைவிட்டது. நல்ல விஷயம். ஆனால் வாசகம் போனாலும் ஆர்டர் கணக்குப்படி கூலி இருக்கும்வரை கடிகாரம் ஓட்டுகிறவரின் வயிற்றுக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை வேறு. காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி வேண்டும். மழையிலும் வெயிலிலும் நேர இலக்கு தானாகத் தளர வேண்டும். விபத்து நேர்ந்தால் பார்சலுக்கு முன் ஆளை விசாரிக்கும் கடமை சட்டமாக வேண்டும். "ஹெல்மெட் போட்டிருந்தானா?" என்று கேட்டு முடித்துக்கொள்வது நமக்குப் பழகிப்போயிருக்கிறது. ஹெல்மெட் அவசியம்தான். அந்தக் கேள்வியோடு, இன்று இத்தனை ஆர்டர் ஓட்டினால்தான் சாப்பாடு என்று தீர்மானித்தது யார் என்பதையும் கேட்க வேண்டும். அதற்குப் பதில் செக்காலை ரோட்டில் கிடைக்காது. கட்டு அவிழ்க்காமலே அந்த இளைஞர் மறுபடி வண்டியை எடுத்துவிட்டார். முதலாளி யாரென்று அவருக்கும் தெரியாது.