கத்திக்கு முன் மருந்து: சிறுநீர்ப்பையின் சிறுசெல் புற்றுநோய்

பார்லித் தண்ணீர் தந்த ஆறுதல்

ஒரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். வலி இருக்காது. மறுநாள் தானாகவே தெளிந்துவிடும். இடையில் குடித்த பார்லித் தண்ணீருக்கும் இளநீருக்கும் பெயர் கிடைக்கும்: "சூடுதான், இறங்கிடுச்சு." புற்றுக்கட்டியின் ரத்தக்கசிவும் இப்படித்தான் விட்டு விட்டு வரும். 50 வயதைத் தாண்டியவர், அதிலும் புகைப்பவர் என்றால், ஒரே ஒரு முறை வந்தாலும் சிறுநீரியல் மருத்துவரை (யூராலஜிஸ்ட்) பார்த்துவிட வேண்டும்.

பெயர்தான் சிறுசு

சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களில் சிறுசெல் வகை 100க்கு ஒன்றுகூட இல்லை. மைக்ரோஸ்கோப்பில் கடுகை நெருக்கிக் கொட்டியதுபோல் கருத்த சின்னச் செல்கள் தெரியும். நுரையீரலில் வரும் சிறுசெல் புற்றின் அதே முகம். வழக்கமான சிறுநீர்ப்பைப் புற்றோடு கலந்தும் வரும். கலப்பு கொஞ்சமாக இருந்தாலும் சிகிச்சையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சிறுசெல்தான். கண்டுபிடிக்கும்போதே பலருக்குத் தசைவரை இறங்கியிருக்கும். மேலோட்டமான புற்றுக்குச் செய்வதுபோல் சுரண்டி எடுத்து, பி.சி.ஜி. மருந்தைப் பைக்குள் செலுத்துவது இதற்குப் போதாது.

ஏன் முதலில் கீமோ?

"கட்டியை உடனே எடுத்துடுங்க டாக்டர்" என்றுதான் எந்தக் குடும்பமும் கேட்கும். பையை மட்டும் எடுத்துவிட்டுக் காத்திருந்தால், சில மாதங்களிலேயே கல்லீரலிலோ எலும்பிலோ நோய் தலைகாட்டுவதுண்டு. ஸ்கேனில் தெரியாத விதைகள் ஏற்கெனவே ரத்தத்தில் போயிருக்கும். அதனால்தான் பரவாத நிலையிலும் கீமோவுக்கு முதலிடம். ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையம் 2004இல் வெளியிட்ட அனுபவம் இந்த வரிசைக்கு வலு சேர்த்தது.

வழக்கமான ஜோடி சிஸ்பிளாட்டினும் ஈட்டோபோசைடும். சுமார் 21 நாளுக்கு ஒரு சுற்று, பெரும்பாலும் நான்கு சுற்று. சிஸ்பிளாட்டின் மருந்தானதே ஒரு விபத்து: 1965இல் அமெரிக்காவில் பார்னெட் ரோசன்பெர்க், பாக்டீரியாக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சியபோது, பிளாட்டினத் தகட்டிலிருந்து கரைந்த சேர்மம் செல்கள் பிரிவதைத் தடுத்தது.

ஆனால் சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். மருந்துக்கு முன்னும் பின்னும் பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றுவது அதற்குத்தான். கட்டி சிறுநீர்க்குழாயை அடைத்து சிறுநீரகம் வீங்கியிருந்தால், முதலில் ஸ்டென்டோ முதுகுவழிக் குழாயோ வைத்து அடைப்பை நீக்குவார்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு அப்படியும் இறங்காவிட்டால், சிஸ்பிளாட்டினுக்குப் பதில் கார்போபிளாட்டின்.

பையை எடுப்பதா, காப்பதா?

கீமோவுக்குப் பிறகு இரண்டு வழி. ஒன்று, பையை அகற்றி, சிறுகுடல் துண்டு வழியே சிறுநீரை வயிற்றில் ஒட்டிய பைக்குத் திருப்புவது. மற்றது, கதிர்வீச்சு தந்து பையைக் காப்பது. அரிய நோய் என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட பெரிய ஆய்வு இல்லை. வயதும் உடல் வலுவும் நோயாளியின் விருப்பமும்தான் முடிவு செய்யும். நுரையீரல் சிறுசெல்லில் செய்வதுபோல் மூளைக்கு முன்னெச்சரிக்கைக் கதிர்வீச்சு இங்கே வழக்கமில்லை. மூளைக்குப் பரவுவது குறைவு.

பரவிய நோய்க்கும் அதே ஜோடிதான். கட்டி முதலில் வேகமாகச் சுருங்கும், பலருக்குத் திரும்பியும் வரும். நுரையீரல் சிறுசெல்லில் 2018இல் பலன் காட்டிய அட்டிசோலிசுமாப் போன்ற இம்யூனோதெரபியைச் சிலருக்குச் சேர்க்கிறார்கள். விலை மிக அதிகம்.

பயாப்ஸி ரிப்போர்ட் கையில் வந்ததும்

சிறுசெல்லை அடையாளம் காண உதவும் சினாப்டோஃபிசின், குரோமோகிரானின் என்ற சாயப் பரிசோதனைகள் செய்யப்பட்டனவா என்று பாருங்கள். இரண்டாவது கருத்துக்குப் போகிறீர்களா? ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. லேபில் கேட்டு ஸ்லைடையும் திசு பதித்த மெழுகுக் கட்டையையும் வாங்கிக்கொண்டு போங்கள்.