ஓடையில் இறங்கும் ஜீப்புக்கு எந்த கிரீஸ்?

போடியிலிருந்து மலையேறி ஏலத்தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “மழைக்காலத்துல ஓடை தாண்டித்தான் போகணும். முன் வீல் பேரிங் அடிக்கடி போகுது. சிவப்பு கிரீஸ் நல்லதா, நீல கிரீஸ் நல்லதா?”

நிறத்தை மறந்துவிடுங்கள். அது வெறும் சாயம். ஒரு கம்பெனியின் சிவப்பும் இன்னொரு கம்பெனியின் நீலமும் ஒரே சரக்காக இருக்கலாம். ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு டின்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத சரக்காகவும் இருக்கலாம்.

கிரீஸில் பெரும்பங்கு, 70 முதல் 95 விழுக்காடு வரை, எண்ணெய்தான். மீதியில் முக்கியமானது உலோக சோப்பு. அது நுண்ணிழைகளாகத் திரண்டு வலை போலப் பின்னிக்கொள்ள, எண்ணெய் அதற்குள் தங்குகிறது. சாம்பாரில் ஊறிய இட்லியைக் கரண்டியால் லேசாக அழுத்திப் பாருங்கள். சாம்பார் கசியும், கரண்டியை எடுத்தால் கொஞ்சம் உள்ளே திரும்பும். பேரிங்கிலும் வேலை பார்ப்பது சாம்பார்தான். அதைப் பிடித்துவைத்து, கேட்கும்போது கேட்ட அளவு கொடுப்பது இட்லியின் பொறுப்பு.

அப்படிக் கசிந்த எண்ணெய் உருளைக்கும் வளையத்துக்கும் நடுவே ஒரு மைக்ரானுக்கும் குறைவான படலமாகப் படர்கிறது. அந்த இடத்தில் அழுத்தம் காற்றுமண்டல அழுத்தத்தைப் போல 10,000 மடங்கைக்கூடத் தொடும். அந்த நெருக்கடியில் எண்ணெய் பிதுங்கி ஓடிவிடுவதில்லை. ஒரு கணம் திடப்பொருளைப் போல இறுகி, இரும்பை இரும்பு தொடவிடாமல் நிற்கிறது. உருளை கடந்ததும் மறுபடி எண்ணெயாகிவிடுகிறது. சக்கரம் சுற்றுகிற ஒவ்வொரு கணமும் இது நடக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத அதிசயம் இது.

டின்னில் இருக்கும் என்.எல்.ஜி.ஐ. எண் இட்லியின் பதத்தை மட்டும் சொல்கிறது. சோதனைக் கூம்பு 5 விநாடியில் 26.5 முதல் 29.5 மில்லிமீட்டர் வரை இறங்கினால் அது 2ஆம் எண். கடைகளில் ஏ.பி. 3 என்று கேட்டு வாங்குவது அதைவிடச் சற்றுக் கெட்டி. ஆனால் சாம்பார் தண்ணியாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா என்பதை இந்த எண் சொல்லாது. அதற்கு அடிப்படை எண்ணெயின் பாகுநிலையைப் பார்க்க வேண்டும். 40 டிகிரியில் 150 முதல் 220 சென்டிஸ்டோக்ஸ் இருந்தால் பாரம் ஏற்றும் ஜீப்புக்குச் சரி.

இனி தண்ணீர். பழைய சோடியம் சோப்பு கிரீஸ் தண்ணீர் பட்டால் குழைந்துவிடும். லித்தியம் ஓரளவு தாங்கும். கால்சியம் சல்ஃபோனேட் வகை கொஞ்சம் தண்ணீரை வாங்கிக்கொண்டும் கட்டுக்குலையாது, துருவையும் தடுக்கும், விலைதான் கூடுதல்.

வரலாறு நீளமானது, இங்கே கொஞ்சம் போதும். மாட்டுவண்டி அச்சுக்கு நம்மவர்கள் வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்து மை போட்டார்கள். 1942இல் அமெரிக்கர் கிளாரன்ஸ் ஏர்ல் லித்தியம் சோப்பு கிரீஸுக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய லித்தியம் கிரீஸுக்கு வேண்டிய கொழுப்பு அமிலம் வருவதும் ஆமணக்கிலிருந்துதான்.

விளம்பரங்கள் ‘260 டிகிரி தாங்கும்’ என்கின்றன. அது கிரீஸ் உருகிச் சொட்டத் தொடங்கும் வெப்பம், பேரிங் ஓடக்கூடிய வெப்பம் அல்ல. எண்ணெய் அதற்கு வெகுமுன்பே கெட்டுப்போகும். மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸும் உருளும் பேரிங்குக்குத் தேவையில்லை. உரசி நழுவும் இணைப்புகளுக்குத்தான் அது.

உங்கள் பேரிங் போவதற்குக் காரணம் கிரீஸ் மட்டும்தானா என்பதே என் சந்தேகம். பிரேக் பிடித்தபடி மலை இறங்கிய ஹப் 80 டிகிரிக்குச் சூடாகியிருக்கட்டும். அது ஓடைத் தண்ணீரில் 25 டிகிரிக்குக் குளிர்ந்தால், உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறையும். ஒன்றரை மீட்டர் ஆழத்துத் தண்ணீர் தரும் அழுத்தம் அளவுக்கு அது வெளியிலிருந்து தண்ணீரை இழுக்கும். ஆயில் சீலோ உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியே வராமல் காக்கவே பிரதானமாக அமைந்தது.

ஆகவே என் பரிந்துரை: சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு ஏ.பி. 3 தாராளம். மலையும் ஓடையும் என்றால் 2ஆம் எண் லித்தியம் காம்ப்ளெக்ஸ், அதாவது சாதா லித்தியத்தைவிடச் சூடு தாங்கும் வகை. தினமும் தண்ணீர் என்றால் கால்சியம் சல்ஃபோனேட். மாற்றும்போது பழையதை மண்ணெண்ணெயில் முழுக்கக் கழுவிக் காயவையுங்கள்; காற்றடித்துப் பேரிங்கைச் சுழற்ற வேண்டாம், உருளை தெறிக்கும். உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் அகன்ற விளிம்பால் வழித்து அழுத்துங்கள். மறுபக்கம் உருளைகளின் இடுக்கில் புழுப்புழுவாகப் பிதுங்கும்வரை விடாதீர்கள். ஹப்பின் காலியிடத்தில் பாதிக்கு மேல் அடைத்தால் கடைபட்டுச் சூடேறும்.

ஓடைக்கு முன் வண்டியைக் கொஞ்சம் நிறுத்தி ஹப்பை ஆறவிடுங்கள். ஆழமாக இறங்கியிருந்தால் ஹப்பைக் கழற்றிப் பாருங்கள். கிரீஸ் பால் போல வெளுத்திருந்தால் மேலே புதுசைத் தடவாதீர்கள். மொத்தத்தையும் மாற்றுங்கள், சீலையும் சேர்த்து.