உங்களுக்குத் தெரியுமா? – பேலியகொடை நுளம்பின் சமநொதியங்கள்

ஒரே இரசாயனத் தாக்கத்தை ஊக்குவித்தபோதிலும் அமினோ அமில வரிசையில் வேறுபடும் நொதியங்கள் சமநொதியங்கள் எனப்படும். மின்னேற்றத்தில் வேறுபடுவதால் இவை, மின்புலம் பிரயோகிக்கப்பட்ட ஜெல்லில் வெவ்வேறு தூரம் நகர்ந்து தனித்தனிப் பட்டைகளாகப் பிரிகின்றன.

கொலன்னாவைக்கு வடக்கே, களனி கங்கையின் மறுகரையிலுள்ள பேலியகொடையில் பிடிக்கப்பட்டு ஆய்வுகூடத்தில் பெருக்கப்பட்ட, யானைக்கால் நோயைக் காவும் கியூலெக்ஸ் நுளம்புகளில், எஸ்தரை நீராற்பகுக்கும் எஸ்தரேஸ் எனும் நொதியத்தின் ஆல்பா, பீற்றா வடிவங்கள் இரண்டும் மிகையாக உற்பத்தியாவது கண்டறியப்பட்டது. நப்தைல் அசற்றேற்றுடன் சாயமிட்டால், ஜெல்லில் ஆல்பா வடிவம் கருநிறப் பட்டையாகவும் பீற்றா வடிவம் செந்நிறப் பட்டையாகவும் தோன்றும்.

இந்த எஸ்தரேஸ்கள் சேதனப் பொசுபேற்றுப் பூச்சிநாசினியை விரைவாகப் பற்றி, மிக மெதுவாகவே சிதைப்பதால், நஞ்சு நரம்பிலுள்ள இலக்கை அடையாமல் சிறைப்படுகிறது. இவ்வாறு சிறைப்படுத்தத் தேவையான பெருந்தொகை நொதியம், அதற்குரிய மரபணுக்கள் பல பிரதிகளாகப் பெருகியதன் விளைவாகும்.