டிப்ளமோ வழியில் ஆண்டு வீணாகுமா?

புரோத்ராபூர் தமிழ்க் குடும்பங்களில் பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் எழும் கேள்வி, பிள்ளையை பிளஸ் டூவில் சேர்ப்பதா, பாலிடெக்னிக்கில் சேர்ப்பதா என்பது. பாலிடெக்னிக் சென்றால் என்ஜினீயர் பட்டம் தள்ளிப்போகும் என்று அஞ்சுவோர் பலர்.

கணக்குப் போட்டால் அச்சம் தீரும். பிளஸ் டூவுக்கு 2 ஆண்டு, பட்டப் படிப்புக்கு 4, மொத்தம் 6. டிப்ளமோ 3 ஆண்டு. அதில் தேறியவர் பட்டப் படிப்பில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம், மேலும் 3. அதுவும் 6 தான்!

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர் கல்லூரிப் பாடம் படித்தால் அது பள்ளி, கல்லூரி இரண்டின் கணக்கிலும் சேரும். நம் நாட்டில் அதற்கு நெருங்கிய ஏற்பாடு இதுவே. இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவருக்கும் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் இடம் உண்டு.

பாலிடெக்னிக்காகத் தொடங்கிய பஹார்காவ் அம்பேத்கர் தொழில்நுட்பக் கல்லூரியில் இன்று பட்டப் படிப்பும் இருக்கிறது. கப்பலேறித்தான் படிக்கவேண்டும் என்பதில்லை.

குடும்பத்தில் வருமானம் தடைப்பட்டு, மூன்றாம் ஆண்டோடு படிப்பு நின்றாலும், டிப்ளமோக்காரர் ஜூனியர் என்ஜினீயர் வேலைக்கு மனுப் போடலாம். ஆனால் இரண்டாம் ஆண்டு இடங்கள் குறைவு. மதிப்பெண்ணில் அசட்டை கூடாது.