கடிகாரக் கூட்டின் மெல்லிய கவசம்

சில திறன் கடிகாரங்களின் எஃகுக் கூட்டின்மீது கடினமான கருநிறப் பூச்சு ஏற்றப்படுகிறது. வைரத்தை ஒத்த கரிமப் பூச்சு அவற்றுள் ஒன்று. அதன் தடிமன் சில மைக்ரோமீட்டர் மட்டுமே. அது நம் தலைமுடியைவிடப் பன்மடங்கு மெல்லியது.

சாவியோ நாணயமோ உரசினால் இப்பூச்சில் எளிதில் கீறல் விழாது. ஆயினும், கடிகாரம் சுவரில் பலமாக மோதினால் பூச்சுக்கு அடியிலுள்ள எஃகு நசுங்கும். அப்போது பூச்சு விரிசல் கண்டு உதிரலாம். உதிர்ந்த பூச்சை வீட்டில் சரிசெய்ய இயலாது.

மணலும் கவனிக்கத்தக்கது. கடினத்தன்மையை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவுகோலில், மணலிலுள்ள குவார்ட்ஸ் 7ஆம் நிலையில் உள்ளது. அது பூச்சு உதிர்ந்த எஃகையும் கண்ணாடித் திரையையும் கீறவல்லது. எனவே, கடற்கரையில் விளையாடியபின் கடிகாரத்தை உடனே துடைக்கக்கூடாது. அது நீர்புகாத வகையாக இருந்தால், முதலில் குழாய்நீரில் மெல்ல அலச வேண்டும். பிறகு மென்மையான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பற்பசையால் தேய்க்கவும் கூடாது. அதிலும் உராய்வுத் துகள்கள் உண்டு.

பூச்சு உரசலைத் தாங்கும். மோதலைத் தவிர்ப்பதும் துடைக்கும்முன் அலசுவதும் நம் பொறுப்பு.